பதினோரு நாள் நான் ஓட்டின பஸ்

எனக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. ஆனா ஜனம் ரொம்பி வழியற ஒரு டவுன் பஸ்ஸ பதினோரு நாளு நான்தான் ஓட்டினேன். இத்த பெருமைக்குச் சொல்லல. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல யாரக் கேட்டாலும் அலமேலுவுக்கு வாய் நீளம்னு சொல்லுவாங்க. அந்த வாய் இந்த ஒரு விஷயத்துல மட்டும் கம்முனு இருந்துச்சு. எங்க ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாதான், "எழுதுங்கம்மா, நாலு பேரு படிச்சா நாலு வூட்டுல சீக்கிரமா கண்டுபிடிப்பாங்க"ன்னு ஒரு நோட்டு வாங்கிக் குடுத்தாங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. பேசற மாதிரியேதான் எழுத வரும், அடிக்க வராதீங்க.

எங்க வூட்டுக்காரரு டிரைவரு. பேரு எழுத மாட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாயால சொல்லாத பேர பேனாவால சொல்லுவேனா? உத்திரமேரூர்லேர்ந்து சாலவாக்கம் போற தனியார் பஸ்ஸுல இருவத்தி ரெண்டு வருஷமா வண்டி ஓட்டினாரு. அப்ப அவருக்கு அம்பத்தி நாலு வயசு, தலையில பாதிதான் நரைச்சிருந்துச்சு. தனியார் பஸ்ஸுன்னா நிமிஷக் கணக்கு. எட்டு பன்னண்டுக்கு எடுக்க வேண்டிய வண்டிய எட்டு பதினாலுக்கு எடுத்தா பின்னாடி வர்ற வண்டிக்காரன் சட்டையப் புடிப்பான். அவரு ஒரு நிமிஷம் முன்ன பின்ன எடுத்ததா யாரும் சொன்னது கெடயாது.

மொதல்ல டீயிலதான் ஆரம்பிச்சுது. டீ குடுத்து, டம்ளர கழுவி கவுத்துட்டு வர்றேன், "இன்னாமே, டீ போடுவியா மாட்டியா?"ன்றாரு.

"இப்பத்தானய்யா குடிச்ச?"

"யாரு குடிச்சா?"

அவரு கிண்டல்காரரு. விளையாடறாருன்னு நெனச்சு இன்னொரு டம்ளரு போட்டுக் குடுத்தேன். அப்பால அது தெனம் நடந்துச்சு. கடைக்கு சோப்பு வாங்கப் போவாரு, வெறுங்கையோட வந்து நிப்பாரு. சொன்ன சேதியவே திரும்பச் சொல்லுவாரு, அதுவும் மொதத் தடவ சொல்ற அதே சிரிப்போட. நானும் எம் பொண்ணு தேவகியும் கண்ணால பேசிக்கினு, ரெண்டாந் தடவையும் சிரிச்சு வைப்போம். பாவம், மனசு நோவக் கூடாதேன்னுதான். குடிக்கிறாரான்னு வாயக் கூட மோந்து பாத்தேன், டீ வாசனதான் வந்துச்சு.

அய்ப்பசியில தேவகிக்கு நிச்சயம் பண்ணோம். மாப்பிள்ள வூடு வாலாஜாபாத் பக்கம். பையன் எலக்ட்ரீசியன், தை மாசம் கல்யாணம்னு முடிவாச்சு. இவருதான் சம்பந்திகூட தட்டு மாத்தினாரு, எல்லாருகிட்டயும் நல்லா பேசினாரு, ஒரு கொறையும் இல்ல. ஒரு வாரம் கழிச்சு சாப்ட்டுக்கினு இருந்தவரு நிமிந்து பாத்து, "தேவகிக்கு வயசாவுது அலமேலு, ஒரு எடம் பாக்கணுமே"ன்னாரு. தேவகி சோத்துல கைய வச்சபடியே என்னப் பாத்தா. "பாக்கலாம்யா, நீ சாப்புடு"ன்னேன்.

காவாந்தண்டலத்துல கீற எங்க நாத்தனாரு, எவனோ எலுமிச்சம்பழத்த தாண்ட வச்சிட்டான்னு சொல்லி குறி கேக்க இட்டுக்கினு போனா. ஒரு கோழி போச்சு, அவ்ளோதான். டவுன்ல ஒரு டாக்டரு, "வயசாச்சுல்ல, டென்ஷனு"ன்னு சத்து ஊசி போட்டாரு. அம்பத்தி நாலு வயசுல இன்னா வயசாச்சுன்னு நான் கேக்கல. வயசுன்னு ஒருத்தரு சொன்னா போதும்னுதான் நானும் அலைஞ்சிக்கினு இருந்தேன். அந்த வார்த்தைய வாங்கிக்கினு நிம்மதியா வூட்டுக்கு வந்தேன்.

கண்டுபிடிச்சது யாருன்னா, மாத்திரைதான். அவருக்கு பி.பி. உண்டு. சுகாதார நிலையத்துல மாசத்துக்கு ஒருக்கா மாத்திர குடுப்பாங்க. அந்தக் கார்த்திகையில ஒரே வாரத்துல மூணு வாட்டி போய், மூணு வாட்டியும் மாசத்து மாத்திர கேட்டிருக்காரு. மருந்து குடுக்கறவரு மொதல்ல கத்தியிருக்காரு, "இன்னா டிரைவரே, விக்கறியா?"ன்னு. டாக்டரம்மா கத்தல. அப்பத்தான் புதுசா வந்த சின்னப் பொண்ணு அது, எங்க தேவகிய விட நாலஞ்சு வயசு பெருசா இருக்கும். பழைய சீட்ட எடுத்துப் பாத்திருக்கு. ஒரு வாட்டி பி.பி. எங்கயோ ஏறிக் கீது, அடுத்த வாட்டி அதல பாதாளத்துல கீது. ஒரு நாளு மாத்திரையே போடாம, ஒரு நாளு மூணு வேளையும் போட்டாத்தான் இப்பிடி ஆவும்னு அதுக்குப் புரிஞ்சுபோச்சு. வூட்டுலேர்ந்து யாரயாவது கூட்டியாங்கன்னு சொல்லி அனுப்பிச்சுது.

செவ்வாக்கெழம போனோம். பெஞ்சுல எங்களுக்கு முன்னாடி புள்ளத்தாச்சிங்க, நாய் கடிச்சவன், இருமறவங்க. ஒம்போது மணிக்குப் போனவங்கள பதினொன்ற மணிக்குக் கூப்ட்டாங்க. அதுக்குள்ள அவரு நாலு வாட்டி கேட்டாரு, "எதுக்கு வந்துகீறோம்?"

டாக்டரம்மா ஒக்கார வச்சு, சாதாரணமாத்தான் பேசிச்சு. "இது என்ன மாசங்கய்யா?"

அவரு என்னப் பாத்தாரு. நான் சொன்னேன், "கார்த்திகம்மா."

"இப்ப எங்க உக்காந்திருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில"ன்னு நானே சொன்னேன்.

"காலையில என்ன நாஷ்டா?"

அவரு மறுபடி என்னப் பாத்து சிரிச்சாரு. "அவளக் கேளும்மா, போட்டவ அவதான." நான் வாயத் தொறக்கறதுக்குள்ள டாக்டரம்மா கைய நீட்டி நிறுத்திச்சு. "அம்மா, உங்க வாய்க்கு ஒரு அஞ்சு நிமிஷம் லீவு குடுங்க. நான் கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் அவர் என்னப் பாக்கல, உங்களத்தான் திரும்பிப் பாக்கறாரு. அதுவே எனக்கு ஒரு சேதி."

எனக்குக் கோவம் வந்துச்சு. எங்க ஊர்ல ஆம்பள ஒடம்பு சரியில்லாம டாக்டரு முன்னாடி உக்காந்தா, வூட்டு பொம்பளதான் பதில் சொல்லுவா. எங்க வலி, எத்தினி நாளா, வெளிக்கு எப்பிடி போவுது, எல்லாம் அவதான் சொல்லுவா. அவரு சும்மா குந்திக்கினு இருப்பாரு. அதத் தப்புன்னு யாரும் சொன்னது கெடயாது. ஆனாலும் பல்லக் கடிச்சிக்கினு கம்முனு இருந்தேன்.

டாக்டரம்மா மூணு பொருளோட பேரு சொல்லிச்சு, மாங்கா, சாவி, குடம். திரும்பிச் சொல்லச் சொல்லிச்சு, சொன்னாரு. அப்பால மாசத்தப் பின்னாலேர்ந்து சொல்லுங்கன்னுது. பங்குனி, மாசி, தைன்னு ஆரம்பிச்சு, தையிலேர்ந்து மறுபடி மாசி, பங்குனின்னு முன்னாலயே வந்துட்டாரு. அந்த மூணு பொருளு இன்னான்னு மறுபடி கேட்டுது. "எந்த மூணு?"ன்னாரு. சாவின்னு ஒண்ணாவது சொல்லுய்யா, இருவத்தி ரெண்டு வருஷமா கையில வச்சிக்கினு கீறியேன்னு எம் மனசு அடிச்சிக்கிச்சு.

கடைசியா ஒரு வெள்ளத் தாளு குடுத்து, "ஒரு கடிகாரம் வரைங்க. எட்டு பன்னண்டுக்கு முள்ளு வைங்க"ன்னுது. அவரோட வண்டி டைம கேட்டுத் தெரிஞ்சிக்கினுதான் அந்த நிமிஷத்தச் சொல்லுச்சு. எனக்கு உசுரு வந்துச்சு. இதுல அவர அடிச்சிக்க ஆளு கெடயாதுன்னு நிமிந்து உக்காந்தேன்.

வட்டம் நல்லாத்தான் போட்டாரு. அப்பால நம்பர எழுத ஆரம்பிச்சாரு. ஒண்ணுலேர்ந்து பன்னண்டு வரைக்கும் எல்லாத்தையும் சோத்தாங்கைப் பக்கமே ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கி எழுதிட்டாரு. இன்னொரு பாதி வெறுமனே கெடந்துச்சு. முள்ளு வைக்கத் தெரியல. பேனாவ வச்சிக்கினு அந்த வட்டத்தையே பாத்தாரு. கையில கட்டியிருந்த வாட்ச்ச பாத்தாரு, தாளப் பாத்தாரு. "இது சரியில்லல்ல?"ன்னு அவருதான் கேட்டாரு, யாரையும் பாக்காம. நான் முந்தானையால மூஞ்ச மூடிக்கினேன்.

டாக்டரம்மா அவர வெளிய உக்கார வச்சிட்டு எங்கிட்ட சொன்னுது. மூளையில புது சேதிய வாங்கி வைக்கற எடம் கொஞ்சங் கொஞ்சமா சுருங்கற நோவு ஒண்ணு கீதாம். பழசு நிக்குமாம், புதுசு தங்காதாம். அப்பால வழி, கணக்கு, நல்லது கெட்டது முடிவு பண்றது எல்லாம் ஒவ்வொண்ணா போவுமாம். "சாதாரண மறதின்னா சாவிய எங்க வச்சோம்னு தெரியாது. இது அப்படி இல்ல. சாவிய கையில வச்சிக்கிட்டு இது எதுக்குன்னு நிக்கறதுல போய் முடியும்"னுது. அப்பால, "ஆனா நான் இப்பவே அந்த நோய்னு சொல்லல. தைராய்டு, சக்கர, ரத்தத்துல சத்துக் கொற, மூளையில கட்டி, ரத்தக் கசிவு, இதுலயும் இப்பிடி வரும். இதெல்லாம் இருந்தா வைத்தியம் உண்டு. டெஸ்ட் பண்ணணும்"னு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிச்சு.

செங்கல்பட்டுல ஆறு நாளு இருந்தோம். ஆம்பளைங்க வார்டு, பெட்டு ஜன்னலோரம். ரத்தம் எடுத்தாங்க, திரும்ப எடுத்தாங்க. தகாத சகவாசத்துல வர்ற நோவுக்கு ஒரு டெஸ்ட்டுன்னு ஒரு நர்சம்மா கூச்சப்பட்டுக்கினு சொல்லுச்சு. நான் அவரப் பாத்து, "இன்னாய்யா, சாலவாக்கத்துல எவளாவது கீறாளா? இருந்தா இப்பவே சொல்லிடு, வைத்தியம் கீதாம்"னேன். பக்கத்து பெட்டுக்காரரு தையல் பிரிய சிரிச்சாரு. இவரும் சிரிச்சாரு. சத்தியமா சொல்றேன், அப்பிடி எவளாவது இருந்திருந்தா அவளுக்கு நானே பொடவ எடுத்துக் குடுத்திருப்பேன்.

புது எடம் அவருக்கு ஒத்துக்கல. வூட்டுல பாதி மறச்சு வச்சிருந்தது அங்க பளிச்சுனு தெரிஞ்சுது. கக்கூஸு போனாருன்னா பெட்டுக்கு வரத் தெரியாது. சாயங்காலமானா வார்டு வாசப்படியில நின்னுக்கினு, "வண்டிய எங்க நிறுத்தினேன்?"னு போறவங்க வர்றவங்கள கேப்பாரு. பக்கத்து பெட்டுக்காரரு பொண்டாட்டி, அவளே கஷ்டத்துல கீறவ, தெனம் ஒரு சொம்பு கஞ்சி எங்களுக்கும் சேத்துக் கொண்டாந்தா. தேவகி காலையில வேலைக்குப் போவறதுக்கு முன்னாடி பஸ்ஸுல சாப்பாடு குடுத்து அனுப்புவா. அவரு வண்டி கண்டக்டரு ஏழுமல ஒரு நாளு லீவு போட்டு வந்து, அவருக்கு சவரம் பண்ணி வுட்டுட்டுப் போனான். தலைய ஸ்கேன் எடுக்க வெளிய அனுப்பினாங்க. அந்தப் பணத்துக்கு என் கம்மல் போச்சு, போவட்டும்.

எதனா ஒரு நோவு இருக்கணும் சாமி, கட்டியாவே இருந்தாலும் பரவாயில்லன்னு வேண்டிக்கினவ அந்த ஆஸ்பத்திரியில நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஆறாம் நாளு பெரிய டாக்டரு பேப்பரு எல்லாத்தையும் பாத்துட்டு, தைராய்டு நார்மல், சக்கர நார்மல், ரத்தம் நார்மல், ஸ்கேன்ல கட்டி கசிவு ஒண்ணும் இல்ல, வயசுக்கு மீறி கொஞ்சம் சுருக்கம் மட்டும் கீதுன்னாரு. பக்கத்துல கீறவங்க எல்லாம் "நல்ல வேள"ன்னாங்க. அவ்ளோ கெட்ட சேதிய அதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்ல. மாத்திர ஒண்ணு கீதாம், கொஞ்ச காலம் தள்ளிப் போடுமாம், ஆனா நிறுத்தாதாம். இன்னும் ரெண்டு வருஷத்துல எப்பிடி இருப்பாருன்னு கேட்டேன். டாக்டரு சீட்ட மடிச்சு என் கையில குடுத்தாரு.

ஊருக்கு வந்ததும் டாக்டரம்மா என்னத் தனியாக் கூப்ட்டு ஒரு கடுதாசி குடுத்துச்சு. மொதலாளிக்கு எழுதினது. "இவர் இனிமே வண்டி ஓட்டக் கூடாது. ஒரு நாள் கூட. நானே போய்ப் பேசட்டுமா?"ன்னுது.

"வேணாம்மா, எங்க மொதலாளி எனக்குத் தெரிஞ்சவரு, நானே குடுத்துடறேன்."

"இன்னைக்கே?"

"இன்னிக்கே"ன்னேன். கண்ணப் பாத்துத்தான் சொன்னேன்.

குடுக்கல. கல்யாணத்துக்கு ஒன்ற மாசம் கூட இல்ல. பொண்ணோட அப்பனுக்கு புத்தி பேதலிச்சுப் போச்சாம், வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களாம்னு வாலாஜாபாத்துக்கு சேதி போவ எத்தினி நேரம் ஆவும்? நாள பின்ன பொறக்கற புள்ளைக்கும் வருமான்னு கேப்பாங்க. கல்யாணம் முடியட்டும், மறு நாளே குடுத்துடலாம்னு அரிசி மூட்டைக்கு அடியில வச்சேன். அவரு அடுத்த நாளு காலையில காக்கிச் சட்டைய மாட்டிக்கினு கெளம்பிட்டாரு. தடுக்கறதுக்கு எனக்கு வாய் வரல.

ஆனா வூட்டுல உக்கார முடியல. பின்னாலயே ஓடி பஸ்ஸுல ஏறினேன். டிரைவரு சீட்டுக்குப் பக்கத்துல இன்ஜினு மேல பலகை போட்டிருப்பாங்க, பொம்பளைங்க உக்காருவாங்க. அங்க குந்திக்கினேன். கையில மஞ்சப் பை, அதுல கல்யாணப் பத்திரிக. வழியெல்லாம் எங்க சொந்தக்காரங்கதான். "பத்திரிக வைக்கப் போறேன்"னா யாரு கேக்கப் போறா?

அன்னிக்குத்தான் ஒண்ணு கவனிச்சேன். ஒரு விசிலுன்னா நிறுத்து, ரெண்டு விசிலுன்னா போ. ஆனா ஏழுமல திரும்ப வேண்டிய ஒவ்வொரு முக்கு வர்றதுக்கு முன்னாடியும் குட்டியா ஒரு விசிலு தனியா வுட்டான். விசிலு வந்தா இவரு திரும்பினாரு, வரலன்னா நேராப் போனாரு. ட்ரிப்பு முடிஞ்சதும் அவன டீக்கடைக்குப் பின்னாடி இட்டுக்கினு போய்க் கேட்டேன்.

அவன் அழுதுட்டான். "ஆறு மாசமா இப்பிடித்தான் அண்ணி. ஒரு நாளு முக்குல நிறுத்திட்டு, எந்தப் பக்கம்டான்னு கேட்டாரு. எனக்கு இந்தத் தொழிலக் கத்துக் குடுத்தவரு. எப்பிடிக் காட்டிக் குடுப்பேன்?"

அவன் ஆறு மாசமா விசிலு ஊதியிருக்கான், நான் ரெண்டாவது டீ போட்டிருக்கேன், தேவகி சிரிச்சு வச்சிருக்கா. ஆளாளுக்கு அன்பா இருந்துதான் அந்த நோவ அடைகாத்து வளத்துட்டோம். அது எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது. புரிஞ்சும், "இன்னும் கொஞ்ச நாளு ஊதுடா"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

அடுத்த ட்ரிப்புலேர்ந்தே நானும் ஆரம்பிச்சேன். ஏழுமல பின்னாடி டிக்கெட்டு போட்டுக்கினு இருந்தா விசிலு லேட்டாவும். அதனால நான் மெதுவா, "பீச்சாங்கைப் பக்கம்யா", "சோத்தாங்கைப் பக்கம்யா", "இங்க நேரா"ன்னு சொல்லிக்கினே வருவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொல்லி ஒரு மொளகா கூட அவரு மாத்தி வாங்கினது இல்ல. இப்ப மறுபேச்சு பேசாம சொன்ன பக்கம் திரும்பினாரு. மொதல்ல எனக்கு அது சுகமாக் கூட இருந்துச்சு. நாலாம் நாளு சுகாதார நிலையத்து நர்சம்மா பஸ்ஸுல ஏறுச்சு. "லெட்டரு குடுத்தாச்சான்னு டாக்டரம்மா கேக்கறாங்க, டிரைவரு இன்னும் ஓட்டறாரே"ன்னுது. "குடுத்தாச்சு, மொதலாளி மாத்து ஆளு தேடிக்கினு கீறாரு, ரெண்டு நாளுதான்"னு ஒரு பொய்ய எறக்கினேன். எனக்குப் பொய் அவ்ளோ சரளமா வரும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

பதினோராம் நாளு, எட்டு பன்னண்டு ட்ரிப்பு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, பால் கேனுங்க, நடவுக்குப் போற பொம்பளைங்கன்னு நிக்க எடமில்ல. ஏழுமல பின்னாடி மாட்டிக்கினான். நான் பத்திரிக நாலு மூலைக்கும் மஞ்சத் தடவிக்கினு இருந்தேன். ராத்திரி தூங்காத கண்ணு. நிமிந்து பாத்தா புளியமரம். முக்கு வந்துடுச்சுன்னு நெனச்சு, "பீச்சாங்கைப் பக்கம் திரும்புய்யா"ன்னேன்.

அது அந்தப் புளியமரம் இல்ல. எங்க முக்கு அதுக்கடுத்த மரத்துகிட்ட. இது ஏரிக்கரை மேல ஏர்ற மண்ணு பாத, டிராக்டரே பாத்துப் பாத்து போவும். அவரு ஒரு நொடி கூட யோசிக்கல. திருப்பினாரு, கியர மாத்தினாரு, ஏத்திட்டாரு.

மார்கழி ஏரி, கரை முட்டத் தண்ணி. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் ரெண்டு ஆள் ஆழத்துக்குக் கீழ நட்ட வயலு. மழையில ஊறின கரை. கொஞ்ச தூரம் போனதும் பின் சக்கரத்துல மண்ணு சரிஞ்சு வண்டி தண்ணிப் பக்கம் சாஞ்சுது. புள்ளைங்க கத்துச்சுங்க. நானும் கத்தினேன், "நிறுத்துய்யா!" நிறுத்தினாரு. என்னப் பாத்தாரு. கோவம் இல்ல, பயம் கூட இல்ல.

"நீதானமே சொன்ன?"ன்னாரு. அப்பால, "இப்ப இன்னா பண்ணணும்? சொல்லு"ன்னாரு.

அந்த பஸ்ஸுல அப்ப டிரைவரே இல்ல. நாப்பது அம்பது உசுரு என் வாய நம்பிக்கினு அந்தக் கரை மேல நிக்குது. பலகைலேர்ந்து கீழ விழுந்த பத்திரிகைங்க அவரு கால்கிட்ட, பிரேக்குப் பக்கத்துல கெடந்துச்சு. அத்த எடுக்கணும்னு தோணிச்சு, குனியப் பயமா இருந்துச்சு.

ஏழுமலதான் பின் படி வழியா ஒவ்வொரு புள்ளையா கையப் புடிச்சு எறக்கினான். சத்தம் போடாத, தள்ளாதன்னு சொல்லிச் சொல்லி எல்லாரையும் எறக்கி ரோட்டோரமா வரிசையா ஒக்கார வச்சான். கடைசியா நான் எறங்கினேன். வண்டியில அவரு மட்டும். ஏழுமல பின்னாடி போய் நின்னுக்கினு விசிலு ஊதினான். அவரு கண்ணாடியப் பாத்தாரு, ரிவர்ஸ் போட்டாரு, அந்த ஒடிஞ்ச கரை மேல வண்டிய ஒரு சாண் கூட வெலகாம கொண்டாந்து தார் ரோட்டுல எறக்கினாரு. அந்தக் கைக்கு எதுவுமே மறக்கல. ஜனங்க கை தட்டினாங்க. "டிரைவருன்னா இவருதான்யா"ன்னு ஒரு பெரியவரு சொன்னாரு. நான் கரையோரம் குந்தி வாந்தி எடுத்தேன்.

அன்னிக்கே கடுதாசிய எடுத்துக்கினு போய் மொதலாளி கையில குடுத்தேன். தேதியப் பாத்துட்டு, "பதினோரு நாளா வச்சிருந்தியாம்மா?"ன்னு கேட்டாரு, வேற திட்டல. திட்டியிருக்கலாம். ஏழுமலைக்கு ரெண்டு மாசம் வேல போச்சு, அவன் எங்கள ஒரு வார்த்த சொல்லல. வாலாஜாபாத்துக்கும் நானே போய் நடந்தது பூரா சொன்னேன். "கலந்து பேசிச் சொல்றோம்"னாங்க. தட்டு திரும்பி வந்துச்சு. தேவகிகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு நின்னா, அவளுக்கு அதுல கோவமே இல்ல. "என் கல்யாணத்துக்காக அந்தப் புள்ளைங்கள ஏத்திக்கினு போனியே, அதத்தான் என்னால தாங்க முடியல"ன்னா. நாலு நாளு எங்கூட பேசல.

இப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. மாத்திர வேல செய்யுது போல, அதிகமாவாம அப்பிடியே நிக்குது. இந்த அமைதி எத்தினி நாளுன்னு டாக்டரம்மாவுக்கும் தெரியாது. உங்க வூட்டுல யாராவது சொன்னதையே சொன்னா, ரெண்டாவது டீ கேட்டா, பதிலுக்கு உங்க மூஞ்சப் பாத்தா, சிரிச்சு வைக்காதீங்க. இட்டுக்கினு போங்க. அங்க போய் வாய மூடிக்கினு உக்காருங்க.

அவரு தெனம் காலையில எழுந்து காக்கிச் சட்டையத் தேடுவாரு. மொதல்ல எல்லாம் உண்மையச் சொன்னேன், "உனக்கு ஒடம்பு சரியில்லய்யா, வேலைய வுட்டு நிறுத்தியாச்சு"ன்னு. ஒவ்வொரு நாளும் புதுசாக் கேக்கற மாதிரி ஒடிஞ்சு போவாரு. தெனம் தெனம் சொல்ல வேணாம்மான்னு டாக்டரம்மா சொன்னதால, வண்டி ஷெட்டுல கீது, இன்னிக்கு லீவுன்னு மாத்தினேன். நம்பிட்டு உக்காருவாரு. ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து அடுப்பங்கரைக்கு வருவாரு. இன்னிக்குக் காலையிலயும் வந்தாரு. கதவப் புடிச்சிக்கினு, குரல எறக்கி, யாரும் கேட்டுடக் கூடாதுன்னு கேட்டாரு.

"அலமேலு, நெசமாச் சொல்லு. நான் யார் மேலயாவது வண்டிய ஏத்திட்டனா? அதான் வண்டி குடுக்கலயா? எத்தினி பேரு?"

"யார் மேலயும் ஏத்தலய்யா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல."

"புள்ளைங்க இல்லியே?"

"எல்லாப் புள்ளைங்களும் எறங்கிடுச்சுங்க. நான் பாத்தேன்."

என் மூஞ்சப் பாத்தாரு. அப்பால போய் உக்காந்தாரு. நான் கையக் கழுவிக்கினு அங்கயே நிக்கறேன், மறுபடி கேக்க வருவாரு.